விளக்கின்முன் ஒரு மன்றாட்டு

மிஷ்னாவில் ஓய்வுநாளைப் பற்றிய பகுதியின் இரண்டாம் அதிகாரம், எத்திரி தகும், எவ்வெண்ணெய் தகாது என்று வீட்டு விளக்கைக் குறித்து நிதானமாகப் பேசிச் செல்கிறது. ஆறாம் கூற்றிலோ தொனி மாறிவிடுகிறது. பெண்கள் பிள்ளைப்பேற்றில் மடிவது மூன்று கட்டளைகளில் அவர்கள் அசட்டையாயிருப்பதனால் என்று அங்கு உரைக்கப்படுகிறது: மாதவிலக்கின் விலக்கம், பிசைந்த மாவில் ஒரு பங்கைப் பிரித்து வைத்தல், ஓய்வுநாள் விளக்கை ஏற்றுதல். இதற்குக் காரணம் தேடிய ரபீமார் சிலர் ஏவாளிடம் சென்று நின்றனர். உலகின் விளக்காகிய ஆதாமை அவள் அணைத்தாள். ஆகையால் விளக்கேற்றும் கடமை அவள்மேல் சுமந்தது என்பது அவர்கள் கருத்து. எருசலேம் தல்மூத்திலும் ஆதியாகம ரப்பாவிலும் இதனைக் காணலாம். மேற்கூறிய மிஷ்னா அதிகாரம் பல ஜெப ஆலயங்களில் வெள்ளி மாலை ஆராதனையில் ஓதப்பட்டு வந்தது. வீட்டில் அவள் ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருக்க, அங்கே ஆண்கள் இதனை வாசித்தனர்.

இவ்வொரு கூற்றை எடுத்துக்காட்டி, யூத சமயம் பெண்ணை இவ்வாறே கண்டது என முடிவு கட்டுவோர் நம்மிடையே உண்டு. அது நேர்மையன்று. ஓய்வுநாள் விளக்கு இல்லத்தின் சமாதானத்துக்கானது என்று பாபிலோனியத் தல்மூத் கூறுகிறது; ஒரே விளக்குக்குத்தான் ஒருவனிடம் பொருளுண்டு எனில், ஹனுக்கா விளக்கைவிட வீட்டு விளக்கே முந்தியது என்றும் தீர்ப்பளிக்கிறது. மைமோனிடிஸ் இக்கடமை இருபாலர்க்கும் உரியதென்றும், உண்ண உணவில்லாதவனும் இரந்தாகிலும் எண்ணெய் வாங்கவேண்டும் என்றும் எழுதினார். இதில் பெண்கள் முந்துவது அவர்கள் இல்லத்திலிருந்து வீட்டுக் காரியங்களைக் கவனிப்பதனாலேயே என்பது அவர் தரும் காரணம். ஏவாளைப் பற்றிய பேச்சு அவ்விடத்தில் இல்லை.

எனினும் இவை யாவும் ஆண்கள் எழுதியவை. விளக்கை ஏற்றியவள் என்ன சொன்னாள்?

அவள் சொல்லவேண்டிய ஆசீர்வாதம் எபிரேய மொழியில் அமைந்த ஒரே வாக்கியம். ஒன்பதாம் நூற்றாண்டினதான ரவ் அம்ராம் காவோனின் வழிபாட்டு நூலில் அது இடம்பெற்றுள்ளது. இவ்விளக்கை ஏற்றும்படி தேவன் கட்டளையிட்டார் என்று அது அறிக்கையிடினும், மோசேயின் ஆகமங்களில் அப்படியொரு கட்டளை கிடையாது. யாத்திராகமம் 35:3 ஓய்வுநாளில் நெருப்பு மூட்டுவதைத் தடைசெய்கிறது. அதனாலேயே விளக்கு சூரியன் மறையுமுன், வழக்கமாகப் பதினெட்டு நிமிடங்களுக்கு முன்பே, ஏற்றப்படுகிறது. பொதுவாக ஆசீர்வாதம் செயலுக்கு முன் வரும். இங்கோ ஆசீர்வாதத்தைச் சொன்ன அளவில் அவள் ஓய்வுநாளை ஏற்றுக்கொண்டவளாகிறாள். அதன்பின் தீ மூட்டலாகாது. ஆகவே அஷ்கெனாசிப் பெண்கள் முதலில் விளக்கேற்றி, கைகளால் கண்களை மூடி ஆசீர்வாதம் கூறி, பின்னரே ஒளியை நோக்குகின்றனர். சட்ட நுணுக்கம் ஒன்றினால் பிறந்தது இந்த வழக்கம். கண்கள் மூடியிருக்கும் அவ்வேளையே பெண்கள் தங்கள் சொந்த வேண்டுதல்களைத் தாய்மொழியில் ஏறெடுக்கும் வேளையுமாயிற்று. சட்டம் என்றாலே ஆவியைக் கொல்லும் சுமை என்று வகுப்பறையில் எளிதாய்ச் சொல்லிவிடுகிற நாம் இவ்விடத்தில் சற்றே தயங்கவேண்டும்.

அவ்வேண்டுதல்கள் அச்சேறியபோது தெகின்னாக்கள், அதாவது மன்றாட்டுகள், எனப்பட்டன. 1648இலேயே ஆம்ஸ்டர்டாமில் இத்திஷ் மொழியில் ஒரு தொகுப்பு வெளிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் இவை சிறு நூல்களாகப் பெருகின. அவற்றை வெறும் பாமரப் பக்தி என ஒதுக்காமல் இறையியல் ஆவணங்களாக வாசித்தவர் அமெரிக்க ஆய்வாளர் ஹாவா வைஸ்லர். முதுதாய்மாரின் குரல்கள் எனப் பொருள்படும் தலைப்புடைய அவரது ஆங்கில நூல் 1998இல் வெளியாயிற்று.

அவர் ஆராயும் நூல்களுள் தலையாயது 'மூன்று வாசல்கள்'. இயற்றியவர் சாரா பஸ் தோவிம். 'நல்லோரின் மகள்' என்பது அப்பெயரின் பொருள். விளக்கேற்றும் வேளைக்கான அவரது மன்றாட்டு ஏவாளின் குற்றத்தைப் பற்றிக்கொண்டு நிற்கவில்லை. தேவாலயத்தில் பிரதான ஆசாரியன் குத்துவிளக்கை ஏற்றியது எவ்வாறு அங்கீகரிக்கப்பட்டதோ, அவ்வாறே தன் விளக்கும் அங்கீகரிக்கப்படவேண்டும் என்று பெண் வேண்டுகிறாள். லேவியராகமம் 24ஆம் அதிகாரத்தில் ஆரோனுக்கு உரியதாயிருந்த பணியோடு தன் சமையலறைக் கையின் பணியை அவள் இணைத்துவிடுகிறாள்.

இதனைக் கலகக்குரல் என்று கொண்டாடத் துணிவோருக்கு ஒரு சொல். தேவாலயம் அழிந்தபின் ஒருவனுடைய உணவு மேசையே பலிபீடம் என்பது தல்மூத் அறிந்த கருத்து. ஆகவே இல்லத்தை ஆலயமாகக் காண்பது சாராவின் கண்டுபிடிப்பன்று. புதுமை எங்கெனில், ரபீமார் மேசையைக் கொண்டு பேசியதை இவர் விளக்கைக் கொண்டு பேசி, ஆசாரியனின் இடத்தில் பெண்ணை நிறுத்தினார் என்பதில்தான். அது சிறிய மாற்றம். எனினும் மிஷ்னாவின் அச்சுறுத்தலைக் கேட்டு வளர்ந்தவளுக்கு அது சிறிதன்று. வைஸ்லரும் மிகைப்படுத்தவில்லை. இந்நூல்கள் மரபை ஏற்பதையும் எதிர்ப்பதையும் ஒருங்கே காட்டுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிழைப்புக்காக எழுதிய ஆண்கள் சிலர் பெண்பெயர்களைப் புனைந்துகொண்டனர் என்பதால், பெண்பெயர் தாங்கியதெல்லாம் பெண்குரல் ஆகாது என்பதும் அவருக்குத் தெரிந்ததே.

சாராவின் எழுத்திலேயே இருவேறு தொனிகள் உள்ளன. இளமையில் அணிகலன் பூண்டு ஜெப ஆலயத்துக்கு வந்து, வீண்பேச்சிலும் நகைப்பிலும் பொழுதுபோக்கியதாகவும், இன்று அலைந்து திரிவது அதன் தண்டனை என்றும் அவர் தம்மையே கடிந்துகொள்கிறார். குற்றவுணர்வு இவரை விட்டு நீங்கவில்லை. 'மூன்று வாசல்கள்' நூலிலோ, சோகார் என்னும் மறைநூலைத் தழுவி, பெண்களுக்கான பரதீசு ஒன்றை வரைகிறார். பார்வோனின் குமாரத்தியும் ஆசேரின் மகள் சேராளும் யோகெபேத்தும் தெபோராளும் அங்கே தத்தம் மண்டபங்களில் வீற்றிருக்கின்றனர். இவ்விரண்டையும் ஒரே சீரில் பொருத்திக்காட்ட முயலும் ஆய்வாளர் நூலைக் கெடுத்துவிடுவர் என்பது என் கருத்து.

விசுவாசிகள் அனைவரின் ஆசாரியத்துவத்தைப் பிரசங்கிக்கும் நம் சபைகளில், பெண்களின் ஜெபங்களை இறையியல் சான்றாகக் கொண்டு எழுதப்பட்ட ஆய்வேடுகள் எத்தனை என்று மாணவர்கள் நூலக அடுக்குகளில் தேடிப் பார்க்கலாம்.

அந்நூலில் இன்னொரு விளக்கும் வருகிறது. மனந்திரும்புதலின் நாட்களில் பெண்கள் கல்லறைகளைத் திரிநூலால் அளந்து, அந்நூலைக்கொண்டு பாவநிவாரண நாளுக்கான மெழுகுதிரிகளைச் செய்வர்; ஒன்று உயிரோடிருப்போருக்கு, மற்றொன்று மரித்தோருக்கு. ஒவ்வொரு இழையையும் இடும்போது முற்பிதாக்கள், முதுதாய்மார் பெயர்கள் சொல்லப்படும். ஆதாமும் ஏவாளும் அவ்வரிசையில் உள்ளனர். ரபீமார் விளக்கை அணைத்தவள் என்று சொன்னவளுக்காகவும் இங்கே ஒரு பெண் திரியிடுகிறாள். மரித்தோர் எழும்பவேண்டும் என்பது அவளுடைய வேண்டுதல்.