கிண்டில்: பூட்டு உண்டு, வரம்பு இல்லை

கிண்டிலின் திரை கண்ணை உறுத்தாது, ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் தாங்கும் என்பதெல்லாம் தெரிந்த கதை. 2016 முதல் தமிழ் நூல்களும் அதில் கிடைக்கின்றன. இடைநிலைப்பள்ளிப் பிள்ளையின் கையில் திறன்பேசி இருப்பதைவிட இது இருப்பது எவ்வளவோ மேல். ஆனால், பணம் கட்டுகிற பெற்றோரின் பக்கம் நின்று பார்த்தால் ஒரு பெரிய குறை தெரிகிறது. ‘பெற்றோர் கட்டுப்பாடு’ பகுதியில் கடையைப் பூட்டலாம், இணைய உலாவியையும் பூட்டலாம். மாதம் 20 ரிங்கிட்டுக்குள் வாங்கிக்கொள் என்று சொல்ல மட்டும் அங்கே வழியே இல்லை.

புந்தோங்கில் கச்சாங் பூத்தே கடைக்குப் போகிற பிள்ளை காசை எண்ணிக் கொடுக்கிறது, மீதியை எண்ணி வாங்குகிறது. இன்னொரு பொட்டலம் வாங்கலாமா என்பதைக் கையிலுள்ள காசே சொல்லிவிடும். கிண்டிலில் அந்தக் காசு கண்ணில் படுவதே இல்லை. தொடர்கதையின் முதல் பாகம் முடிந்ததும் அடுத்த பாகம் திரையில் வந்து நிற்கிறது. ஒரு தட்டு தட்டினால் அப்பாவின் கடன்பற்று அட்டையில் ஏறிவிடுகிறது. மலேசியாவுக்கென்று அமேசான் கடை கிடையாது. அமெரிக்கக் கடையில் டாலரில்தான் வாங்க வேண்டும். 4.99 என்பது சின்னத் தொகைபோலத் தோன்றும். ரிங்கிட்டில் அது ஏறக்குறைய நான்கு மடங்கு. தவறுதலாக வாங்கியதை 7 நாளுக்குள் திருப்பலாமே என்பார்கள். கதை பிடித்து, விரும்பி வாங்கியதைத் தவறுதல் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பிள்ளை செய்தது தப்பும் இல்லை.

அப்படியானால் கடையைப் பூட்டிவிட்டால் முடிந்தது என்று தோன்றும். அங்கேதான் எனக்கு ஆற்றாமை. கடையைப் பூட்டினால், இலவசமாகப் படித்துப் பார்க்கத் தருகிற மாதிரிப் பக்கங்களும் சேர்ந்தே பூட்டிக்கொள்கின்றன. புத்தகக் கடையில் நாலு பக்கம் புரட்டி, இது வேண்டாம் என்று திரும்ப வைக்கிறோமே, வாசிப்புச் சுவை வளர்வதே அந்தப் புரட்டலில்தான். பதினைந்து வயதில் அதைப் பறிக்கக் கூடாது. வயதுக்கு ஒவ்வாத நூல்களிலிருந்து பூட்டு காப்பாற்றுகிறதே என்ற வாதத்தையும் நான் ஒதுக்கவில்லை. ஆனால் அந்தப் பூட்டுக்கு நல்ல நூல், கெட்ட நூல் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரே கதவு. அமேசானின் சிறுவர் பகுதியோ 12 வயதோடு நின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, பூட்டு அந்த ஒரு கருவிக்கு மட்டும்தான். அதே கணக்கு வீட்டுக் கணினியில் திறந்திருந்தால் கடையும் திறந்தே கிடக்கும்.

இத்தனைக்கும் நடுவே ஒரு வசதி மனத்தை நிறைத்தது. கடை பூட்டியிருந்தாலும் மின்னஞ்சல்வழி நூல் அனுப்பலாம். பெற்றோர் அனுமதித்த முகவரியிலிருந்து வருவது மட்டுமே உள்ளே நுழையும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல் தொகுப்பில் சங்க இலக்கியம் முதல் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்கள்வரை இலவசமாகக் கிடைக்கின்றன. இப்படி அனுப்பிய கோப்பின் பிரதி நம் கணினியிலும் இருக்கும். காசு கொடுத்து வாங்கிய நூல் அப்படியல்ல. பிள்ளை வளர்ந்து தனிக் கணக்கு தொடங்கும்போது அதை அங்கே மாற்றித் தர முடியாது. கணினியில் இறக்கிவைக்கும் வசதியையும் 2025 பிப்ரவரி 26 அன்று அமேசான் நிறுத்திவிட்டது. அதனால், பிள்ளைக்கு என்றைக்கும் சொந்தமாக இருக்க வேண்டிய நூலை அச்சில் வாங்கிக் கொடுப்பதே நல்லது.

கருவியைத் தயங்காமல் வாங்கலாம். கடையைப் பூட்டி வையுங்கள். மாதம் ஒருநாள் திறந்து, பிள்ளையோடு உட்கார்ந்து மாதிரிப் பக்கங்களைப் படித்துத் தேர்ந்தெடுங்கள். அமேசான் அடுத்த மேம்பாட்டில் ஒரே ஒரு கட்டம் சேர்த்தால் இந்தப் பாடே வேண்டாம்: இந்தப் பிள்ளைக்கு, இந்த மாதம், இத்தனை ரிங்கிட்.