நிழலின் கீழ் ஒரு குழந்தை

பாபக் அன்வரியின் ‘ஸீரே ஸாயே’ என்னும் பாரசீகத் திரைப்படம் 2016இல் வெளிவந்தது. ‘நிழலின் கீழ்’ என்பது அப்பெயரின் பொருள். தெஹ்ரானில் பிறந்து பிரிட்டனில் வாழும் இயக்குநரின் முதல் முழுநீளப் படம் இது. திகில் படங்களை நாம் விரும்பிப் பார்ப்பவரல்லர். ஜின்னைப் பற்றிய படம் என்பதாலேயே இதனைக் காண நேர்ந்தது.

ஈரான்–ஈராக் போரின் இறுதியாண்டான 1988. தெஹ்ரான் மீது ஏவுகணைகள் விழுகின்றன. மருத்துவரான கணவன் போர்முனைக்கு அனுப்பப்படுகிறான். மாணவப் பருவத்து இடதுசாரி ஈடுபாட்டின் காரணமாக மருத்துவக் கல்வியைத் தொடர அனுமதி மறுக்கப்பட்ட ஷீதே, சிறுமகள் தோர்ஸாவுடன் தனித்திருக்கிறாள். மேல்மாடியில் ஓர் ஏவுகணை வெடிக்காமல் விழுகிறது. அதனோடு ஜின்னும் வந்ததென்ற பேச்சு எழுகிறது. குழந்தையின் பொம்மை காணாமற்போகிறது.

படத்தின் முதற்பாதி முழு வெற்றி என்பதில் நமக்கு ஐயமில்லை. போரில் சிக்கிய குழந்தையின் அச்சத்தைக் குருதி காட்டாமலேயே உணர்த்திவிடுகிறார் இயக்குநர். சன்னல் கண்ணாடிகளில் ஒட்டப்பட்ட நாடா, அபாயச் சங்கொலி, நிலவறைக்கு ஓடும் அண்டை வீட்டார், இவையே போதுமானவை. அதனினும் கொடியது தாயின் சினம். தன் ஏமாற்றத்தையெல்லாம் அவள் மகள்மீது கொட்டுகிறாள். ஏவுகணையைவிடத் தாயின் குரலுக்கே குழந்தை அதிகம் அஞ்சுகிறதோ என்று எண்ணத் தோன்றுகிறது. ‘ஜின்’ என்னும் சொல்லுக்கு மறைவு என்பதே வேர்ப்பொருள். கருவிலுள்ள சிசுவைக் குறிக்கும் ‘ஜனீன்’ என்பதும் அவ்வேரிலிருந்தே பிறந்தது. கண்ணுக்குப் புலப்படாதவரை இப்படத்தின் ஜின் அஞ்சத்தக்கதாகவே இருக்கிறது.

பிற்பாதியில் அது புலப்பட்டுவிடுகிறது. அதுவும் பூவேலைப்பாடுள்ள ஒரு பெரிய சாதராக! முக்காடின்றி நள்ளிரவில் மகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிய ஷீதேயைக் காவலர் பிடித்துக் கண்டிக்கும் காட்சி முன்னரே வந்துவிட்டது. அங்குச் சொல்லப்பட்ட கருத்தை இங்கு மீண்டும் துணியால் சொல்ல வேண்டியதில்லை. சமயச் சின்னத்தைப் பழித்துவிட்டார் என்று நாம் வழக்காடவில்லை. அதிகாரத்தின் வற்புறுத்தல் ஒரு தாயை நெரிப்பது உண்மையே. அதைக் காட்ட அவருக்கு உரிமையுண்டு. நமது குறை கலை பற்றியது: குழந்தையின் அச்சமாக இருந்தது, அவ்விடத்தில் இயக்குநரின் கருத்தாகிவிடுகிறது.

மற்றொன்றும் உண்டு. ஜின்களுள் நல்லோரும் தீயோரும் உளர் என்பது ‘ஸூரத்துல் ஜின்’ அறிவிக்கும் செய்தி. நபி (ஸல்) அவர்கள் பேரர்கள் ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்காகவும் இறைவனிடம் காவல் தேடியதை ஹதீஸ் நூல்கள் பதிந்துள்ளன. அச்சத்தோடு ஆறுதலும் அம்மரபில் இருக்கிறது. படம் அச்சத்தை மட்டுமே எடுத்துக்கொண்டது. தோர்ஸாவின் தலையில் கைவைத்து ஓதிவிட அந்தக் குடியிருப்பில் ஒரு பாட்டி கூடவா இல்லை?

இறுதியில் தாயும் மகளும் காரில் தப்புகின்றனர். பொம்மையின் தலை மட்டும் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. சாதர்க் காட்சியில் இழந்ததை இந்த ஒரு காட்சியில் அன்வரி பெரிதும் மீட்டுக்கொள்கிறார்.