வெளியீட்டு விழாவும் புத்தகத் திருவிழாவும்

எழுத்தாளரை நேரில் கண்டு, அவர் பேசக் கேட்டு, அவருடைய நூலை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதற்கு இரண்டு தமிழ் நிலங்களும் இரண்டு வழிகளை வளர்த்து வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் அது புத்தகத் திருவிழா. இலங்கையில் அது நூல் வெளியீட்டு விழா. மேடை, ஒலிவாங்கி, பொன்னாடை, நன்றியுரை எல்லாம் இரு பக்கமும் ஒன்றுதான். எதிரே அமர்ந்திருப்பவர்கள் யார், அவர்களை அங்கே வரவழைத்தது எது என்று கேட்டால்தான் பதில் வேறு வேறாக வருகிறது. இரு கரையிலும் ரசனை மாறிப்போனதால் இப்படி ஆகிவிடவில்லை. அச்சுக்கூலி யார் தலையில் விழுகிறதோ, அவருடைய தேவைதான் மேடையின் அமைப்பைத் தீர்மானித்திருக்கிறது.

தமிழ்நாட்டில் அந்தச் செலவைப் பெரும்பாலும் ஏற்பவர் பதிப்பாளர். கைக்காசு போட்டு நூல் கொண்டுவரும் எழுத்தாளர்கள் அங்கும் உண்டு. ஆயினும் சந்தையை நடத்துவது பதிப்பகங்களே. பொங்கலையொட்டி வரும் சென்னைப் புத்தகக் காட்சிதான் அவர்களுடைய அறுவடைக் காலம். 1977இல் அண்ணா சாலையில் ஒரு பள்ளி வளாகத்துக்குள் தொடங்கிய அந்தக் காட்சியை, பபாசி என்று எல்லோரும் சொல்லும் தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம் இன்றுவரை நடத்திவருகிறது. அண்மை ஆண்டுகளில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் ஏறத்தாழ 900 அரங்குகள் அமைகின்றன. நெய்வேலியில் 1998 முதல் பழுப்பு நிலக்கரி நிறுவனமும், ஈரோட்டில் 2005 முதல் மக்கள் சிந்தனைப் பேரவையும் தத்தம் ஊர்த் திருவிழாவைப் பெயர்பெற்றதாக ஆக்கின. 2022இலிருந்து மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா என்பது அரசின் கொள்கையாகவே ஆகிவிட்டது. மாவட்ட நிர்வாகமும் பொது நூலகத் துறையும் பபாசியும் சேர்ந்து நடத்துகின்றன.

ஒரு மாவட்டத் தலைநகரின் திருவிழா நாளைப் பாருங்கள். காலையில் பள்ளிப் பேருந்துகள் வந்து நிற்கின்றன. பிள்ளைகள் வரிசையாக அரங்குகளுக்குள் போகிறார்கள். ஒரு மூலையில் கதைசொல்லி ஒருவர் அவர்களைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்கிறார். இன்னொரு மூலையில் காகித மடிப்பு, ஓவியம், பேச்சுப் பயிற்சி. மாலை ஆறு மணிக்குமேல் குடும்பங்கள் வருகின்றன. பெரிய பந்தலுக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைகின்றன. பட்டிமன்ற நடுவரோ பெயர்பெற்ற பேச்சாளரோ ஒலிவாங்கியைப் பிடித்ததும் திடலே அவர் பக்கம் திரும்பிவிடுகிறது. அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும் விற்கும் கடைகளிலும் கூட்டம்தான். பத்து சதவீதக் கழிவில் ஒரு நூலாவது வாங்காமல் போவது குறை என்ற எண்ணம் அந்த ஊர்களில் மெல்லப் பரவியிருக்கிறது.

இது சிறிய சாதனை அன்று. வாசிப்புப் பழக்கமே இல்லாத வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைப் புத்தகத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது வேறு எந்த இலக்கிய அமைப்பாலும் இந்த அளவில் முடியவில்லை. ஈரோட்டுத் திருவிழாக்காரர்கள் மாணவர்களுக்கு உண்டியல் கொடுத்தார்கள். ஆண்டு முழுதும் சேர்த்த சில்லறையைக் கொண்டுவந்து, தான் விரும்பிய நூலைத் தானே தேர்ந்தெடுத்து வாங்கும் பிள்ளைக்குச் சான்றிதழும் தந்தார்கள். பெற்றோரின் தயவில்லாமல் சொந்தக் காசில் வாங்கிய முதல் புத்தகத்தை ஒரு பிள்ளை எப்படி வைத்துப் படிக்கும் என்பதை எந்தப் பயிற்சிப் பட்டறையும் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஆனால் அந்தத் திடலில் எழுத்தாளர் எங்கே நிற்கிறார்? பெரும்பாலும் அரங்குகளுக்கு நடுவே உள்ள நடைபாதையில். பதிப்பகத்தின் கடை முன்னால் ஐந்தாறு பேர் தோளோடு தோள் நெருக்கி நின்று புதிய நூலை நெஞ்சுக்கு நேரே பிடிக்கிறார்கள். கைப்பேசியில் படம் எடுக்கப்படுகிறது. இருவர் இரண்டிரண்டு நிமிடம் பேசுகிறார்கள். வழிவிடச் சொல்லிக்கொண்டே மக்கள் நுழைந்து போகிறார்கள். எழுத்தாளர் பத்துப் பிரதிகளில் கையெழுத்திடுகிறார்; அடுத்த நூலின் வெளியீட்டுக்கு இடம் விட வேண்டும். ஓராண்டு உழைத்து எழுதிய நாவலுக்கு அந்தத் திருவிழாவில் கிடைக்கும் பொதுநேரம் அவ்வளவே. பெரிய மேடையில் பேசுபவரோ, பெரும்பாலும் நகைச்சுவையும் குடும்ப நெறியும் தன்னம்பிக்கையும் கலந்து பேசிவிட்டுப் போகிறார். பின்னால் 200 அரங்குகளில் அடுக்கியிருக்கும் நூல்களில் ஒன்றின் பெயர்கூட அந்தப் பேச்சில் வராத மாலைகள் உண்டு. கேட்டவர்கள் கைதட்டுகிறார்கள், ஆனால் எந்தக் கடைக்குப் போய் எதைக் கேட்பது என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

இனி இந்தக் கரை. இலங்கையில் தமிழ் நூலுக்கு முதலிடுபவர் மிகப்பெரும்பாலும் எழுதியவரே. முந்நூறோ ஐந்நூறோ பிரதிகள் அடிக்கிறார். கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய புத்தகக் கடைகள். அவற்றிலும் சென்னையிலிருந்து இறக்குமதியாகும் நூல்களுக்கு நடுவே ஓர் ஓரத்தில்தான் உள்ளூர் நூலுக்கு இடம். ஆகவே அச்சகத்துக் கடனை அடைக்க எழுத்தாளருக்கு இருக்கும் ஒரே சந்தை வெளியீட்டு விழா. பௌர்ணமி நாளான போயா விடுமுறையோ ஞாயிறோ பார்த்து நாள் குறிக்கப்படுகிறது. அழைப்பிதழ் அச்சாகிறது. மங்கள விளக்கேற்றல், தமிழ்த்தாய் வாழ்த்து, ஆசியுரை, வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, ஆய்வுரை, ஏற்புரை, நன்றியுரை என்று நிகழ்ச்சி நிரல் நீள்கிறது.

நடுவே வருகிறது விழாவின் உயிரான அரைமணி நேரம். நாடா சுற்றிய முதற்பிரதியை ஒரு பெரியவர் பெற்றுக்கொள்கிறார். பிறகு ஒலிவாங்கியில் ஒவ்வொரு பெயராக அழைக்கப்படுகிறது. பாடசாலை அதிபர், வர்த்தகர், மருத்துவர், பழைய மாணவர் சங்கத்தார் எழுந்து வந்து, கடித உறையை எழுத்தாளரின் கையில் வைத்துச் சிறப்புப் பிரதி வாங்கிப் படத்துக்கு நிற்கிறார்கள். உறைக்குள் இருப்பது நூலின் விலையைவிட அதிகமாகவே இருக்கும். அது அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். கொழும்பில் பல ஆண்டுகளாக அழைப்பிதழ்களில் முதற்பிரதி பெறுபவராகப் புரவலர் ஹாசிம் உமரின் பெயர் இடம்பெற்றுவந்தது. முதல் நூலை வெளியிட வழியில்லாத எழுத்தாளர்களுக்காகப் புரவலர் புத்தகப் பூங்கா என்ற திட்டத்தையும் அவர் நடத்தினார். அரசும் பதிப்பகமும் செய்யாததைச் சமூகம் தன் கையால் செய்துவந்திருக்கிறது என்பதற்கு இது போதிய சான்று.

இந்த விழாவிடம் நான் பெரிதாக மதிப்பது ஆய்வுரையை. இருபது முப்பது நிமிடம் ஒருவர் நூலை மட்டுமே பேசுகிறார். பக்க எண் சொல்லி, பாத்திரத்தின் பெயர் சொல்லி, இந்தக் கதை இந்த இடத்தில் தடுமாறுகிறது என்று எழுதியவரை எதிரே வைத்துக்கொண்டே சொல்கிறார். எழுத்தாளர் ஏற்புரையில் அதற்குப் பதில் சொல்கிறார். விமர்சகர்கள் கைலாசபதி, சிவத்தம்பி காலத்திலிருந்து நூலை முன்வைத்து விவாதிப்பது இங்கே ஒரு பழக்கமாக ஊறியிருக்கிறது. எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய மல்லிகை, 2000இல் வந்த ஞானம், 2007 முதல் யாழ்ப்பாணத்து அல்வாயிலிருந்து வெளிவரும் ஜீவநதி ஆகிய இதழ்கள் அந்தப் பழக்கத்துக்குத் தண்ணீர் ஊற்றின. 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் மண்டபத்தில் இப்படி ஆராயப்பட்ட நூல்கள் ஏராளம்.

இந்த விழாவின் குறையையும் மூடி மறைக்கக் கூடாது. உறையோடு வருபவர் கடமைக்காக வருகிறார். வாங்கிய நூல் வீட்டு அலுமாரியில் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. கதிரைகளில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். மாணவர்களைக் காண்பது அரிது. வாழ்த்துரைகள் நீண்டு, ஆய்வுரைக்கு நேரம் வரும்போது சபை பற்றிஸையும் தேநீரையும் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. விழா முடிந்ததும் மிஞ்சிய இருநூறு பிரதிகள் எழுத்தாளரின் கட்டிலுக்கடியில் போகின்றன. உறவும் அறிமுகமும் இல்லாத ஒரு புதிய எழுத்தாளர், உழைப்பாளி வீட்டுப் பெண்ணாக இருந்தால் இன்னும் கூடுதலாக, இந்தச் சந்தையில் கடனாளியாகவே எழுந்து போகிறார்.

இலங்கையில் பெரும் புத்தகக் காட்சி இல்லாமலில்லை. 1999இலிருந்து வழக்கமாகச் செப்டெம்பரில் கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சி பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் கூடுகிறது. சிங்களக் குடும்பங்கள் பைகளோடு வந்து நிறைத்துப் போகும் காட்சி அது. தமிழ் அரங்குகள் சிலவே. வடக்கிலும் கிழக்கிலும் பிரதேச செயலகங்களின் கலாசாரப் பேரவைகள் விழா எடுத்து மலர் வெளியிடுகின்றன. ஆனால் அவற்றின் மையம் நடனமும் பரிசளிப்பும்தான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 97,000 நூல்கள் எரிந்துபோனதைப் பார்த்த மக்களுக்கு, பிள்ளைகள் நூல்களுக்கிடையே ஓடித்திரியும் சொந்தத் திருவிழா ஆண்டுதோறும் வேண்டும் என்று கேட்க முழு உரிமை உண்டு.

இரு நிலங்களின் விழாக்களில் ஒன்றிடம் இருப்பது மற்றதிடம் இல்லை. கடன் வாங்குவது கடினமும் இல்லை. தமிழ்நாட்டிலேயே அதற்கு வழிகாட்டி உண்டு. கோயம்புத்தூரில் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010 முதல் விருது விழா நடத்துகிறது. அதையொட்டிய அமர்வுகளில் எழுத்தாளர் உட்கார்ந்திருக்க, அவரைப் படித்துவிட்டு வந்த வாசகர்கள் கேள்வி கேட்கிறார்கள், பதில்தான் நிகழ்ச்சி. மாவட்டத் திருவிழாவின் பெரிய மேடையில் தினமும் ஒரு மணி நேரத்தை, பட்டிமன்றத்துக்கு முன்னால், ஒரே ஒரு புதிய நூலுக்கு ஒதுக்கினால் என்ன? ஒருவரின் ஆய்வுரை, எழுத்தாளரின் ஏற்புரை, சபையிலிருந்து நான்கு கேள்விகள், அந்த நூல் எந்த எண் அரங்கில் கிடைக்கும் என்ற அறிவிப்பு. இதற்குக் கூடுதல் செலவு ஒன்றுமில்லை.

இலங்கையில் ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அந்த மாதத்தில் வெளியீட்டு விழாவை மண்டபத்திலிருந்து பாடசாலைக்குக் கொண்டுபோகலாம். சிறப்புப் பிரதிக்கு உறை தருபவர் தம் பெயரில் ஐந்து பிரதிகளை ஒரு பாடசாலை நூலகத்துக்கு எழுதிவைக்கலாம். எழுத்தாளரின் கடனும் தீரும், நூலும் படிக்கப்படும். ஈரோட்டு உண்டியலை வடமராட்சியிலோ வாழைச்சேனையிலோ ஹற்றனிலோ தொடங்க ஓர் அதிபர் மனம் வைத்தால் போதும்.

கடலைத் தாண்டும் போக்குவரத்தும் சீராக வேண்டும். சென்னை நூல் கொழும்பு வெள்ளவத்தைக் கடைக்கு வருகிறது. அல்வாயில் அச்சான நூல் நந்தனம் திடலுக்குப் போவது அபூர்வம். 2005இலிருந்து இணையத்தில் ஈழத்து நூல்களைச் சேர்த்துவரும் நூலகம் திட்டம் அவற்றைப் படிக்க வழிசெய்திருக்கிறது. ஆனால் திருவிழாவில் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க ஓர் அரங்கு வேண்டும். இலங்கைப் பதிப்பாளர்களும் எழுத்தாளர் அமைப்புகளும் சேர்ந்து விண்ணப்பித்து, ஒவ்வொரு ஜனவரியிலும் சென்னையில் பொது அரங்கு ஒன்றை எடுக்க வேண்டும். பபாசி அதற்கு இடம் ஒதுக்க வேண்டும்.

வாசகருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்களுக்கு வெளியீட்டு விழா அழைப்பிதழ் வந்தால், எழுத்தாளரிடம் முன்கூட்டியே ஒரு பிரதி கேட்டு வாங்கிப் படித்துவிட்டுப் போங்கள். புத்தகத் திருவிழாவுக்குப் போனால், பேச்சாளரிடம் இந்த ஆண்டு அவர் படித்த புதிய தமிழ் நூல் எது என்று எழுந்து கேளுங்கள்.