இன்னும் எத்தனை வருஷம் குப்பை கொட்டலாம்?

சர்வரில் இடம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஒரு கட்டளை போதும். யார் அடித்தாலும் ஒரே விடைதான். அமெரிக்கக் கவுண்டிகள் தங்கள் குப்பைக் கிடங்குகளுக்குச் சொல்கிற "எஞ்சிய கொள்ளளவு" எண்ணையும் நான் ரொம்ப நாளாக அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் புவென்டே ஹில்ஸ் கதையைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். எதை உள்ளே விடலாம் என்கிற விதிகள் அங்கே ரொம்பத் தெளிவு. சாதாரண நகரக் குப்பைக் கிடங்கில் திரவத்தை மொத்தமாகக் கொட்டக்கூடாது. சரி, சேறு மாதிரி ஒன்று வந்தால்? 100 கிராம் எடுத்து, பெயின்ட் வடிகட்டுகிற கூம்பில் போட்டு 5 நிமிஷம் பார்க்கணும். ஒரு சொட்டு விழுந்தாலும் அது திரவம்தான். இந்தச் சோதனையை நீங்களும் நானும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

கொள்ளளவுக்கு வரும்போது இந்தத் தெளிவு காணாமல் போகிறது. மிச்சமுள்ள கன அளவை டன்னாக மாற்ற ஓர் அடர்த்தி வேண்டும். கன மீட்டருக்கு 600 கிலோ என்று வைத்தால் ஒரு விடை, 720 என்று வைத்தால் 20 சதவீதம் கூடுதல் விடை. மலை அதே மலைதான். பிறகு அதை வருஷமாக மாற்றத் தினசரி வரத்தால் வகுக்கிறார்கள். புவென்டே ஹில்ஸுக்கு அனுமதித்த உச்சம் நாளுக்கு 13,200 டன். ஒரு காலத்தில் அந்த உச்சத்தைத் தொட்டுவிட்டு, வருகிற லாரிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு வரத்து வெகுவாகக் குறைந்தது. வகுக்கிற எண் சுருங்கினால் ஆயுள் தானாக நீளும், அவ்வளவுதான் கணக்கு.

இதைவிட என்னை உறுத்தியது தழைக் கணக்கு. ஒவ்வொரு நாள் குப்பையையும் மாலையில் 6 அங்குல மண்ணால் மூட வேண்டும் என்பது மத்திய அரசு விதி. மண்ணுக்குப் பதில் வெட்டிய புல், தழையையும் போடலாம் என்று கலிஃபோர்னியா அனுமதித்தது. இங்கேதான் வேடிக்கை. 1989 சட்டப்படி நகரங்கள் 2000-க்குள் பாதிக் குப்பையைப் புதைக்காமல் திருப்ப வேண்டும். மூடாக்காகப் போன தழை, புதைத்ததாகக் கணக்கில் வராது! குப்பைமேட்டுக்குள்ளேயே கிடந்து மீத்தேன் விடுகிற புல், காகிதத்தில் மறுபயன். நியாயமாகச் சொன்னால், அதனால் மண் மிச்சமாகும், தழை அமுங்கி இடமும் மிச்சமாகும். அந்த வாதத்தைத் தள்ள மாட்டேன். ஆனால் அதை ஏன் புதைத்ததாக எழுதக்கூடாது? 2014-ல் ஒரு சட்டம் போட்டு, 2020 ஜனவரி முதல்தான் புதைத்ததாக எழுத வைத்தார்கள்.

கடைசியில் 2013 அக்டோபர் 31 அன்று புவென்டே ஹில்ஸ் மூடியது. அன்றைக்குத்தான் அதன் அனுமதி முடிந்தது. சிஸ்டம் அட்மின்கள் பாஷையில் இது கோட்டா. டிஸ்க் நிறைவது வேறு விஷயம். பக்கத்து ஹசீண்டா ஹைட்ஸ்காரர்கள் பல வருஷமாகப் போராடியது இந்தத் தேதிக்காகத்தான். அவர்களிடம் போய் கன மீட்டர் பேசி என்ன பயன்?

இதற்கு நேர் எதிர்க் கதையும் உண்டு. இதே நிர்வாகம் சுமார் 200 மைல் தள்ளி, இம்பீரியல் கவுண்டிப் பாலைவனத்தில் மெஸ்கீட் கிடங்கை வாங்கிக் கட்டியது. ரயிலில் நாளுக்கு 20,000 டன் வரை, சுமார் நூறு வருஷத்துக்கு இடம். புவென்டே ஹில்ஸ் மூடியபோதுகூட அங்கே குப்பை ரயில் கிளம்பவில்லை. பக்கத்துக் கிடங்குகளே மலிவாக இருந்தன.

கவுண்டிகள் 15 வருஷத்துக்கான இடத்தைத் திட்டமிட்டுக் காட்ட வேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான். நான் கேட்பது கூடுதலாக நாலு பத்திகள்: எந்த அடர்த்தி, எந்த வருஷ வரத்து, மூடாக்கு எத்தனை டன், அனுமதி முடிகிற தேதி என்ன. அதை அட்டவணையின் அடிக்குறிப்பில் ஒளிக்காமல், அந்த "வருஷம்" எண்ணுக்குப் பக்கத்திலேயே போடட்டும். ஹசீண்டா ஹைட்ஸில் இருக்கிற ஒருத்தர் கால்குலேட்டரை எடுத்துத் தானே வகுத்துப் பார்த்துக்கொள்வார்.