ராஜாவுக்கு எதிரே ராஜா

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சதுரங்க சாம்பியன் பட்டத்துக்கான பதினான்காவது ஆட்டம், கடைசி ஆட்டம். நடப்புச் சாம்பியன் டிங் லிரென் தன் யானையை நகர்த்தி, யானைக்கு யானை வெட்டிக்கொள்ள வழிவிடுகிறார். குகேஷின் முகம் மாறுகிறது. யானைகள் போகின்றன. மூலையில் மாட்டிக்கொண்ட வெள்ளை மந்திரிக்குத் தப்ப இடமில்லை. மந்திரிகளும் வெட்டுப்பட்டுப் போகின்றன. பலகையில் மிஞ்சியவை இரண்டு ராஜாக்களும் சில சிப்பாய்களும்தான். 58ஆவது நகர்த்தலில் குகேஷ் தன் ராஜாவை டிங்கின் ராஜாவுக்கு நேர் எதிரே, நடுவில் ஒரே ஒரு கட்டம் விட்டு நிறுத்துகிறார். டிங் கை கொடுக்கிறார். பதினெட்டு வயதில் உலக சாம்பியன்!

காரியாபட்டியில் என் உரக்கடையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் கத்தினாள்: “யப்பா, ஆப்போசிஷன்ப்பா! நாம போட்டுப் பாத்த அதே ஆப்போசிஷன்!”

அதேதான். உலகத்தின் மிகப் பெரிய ஆட்டம் முடிந்த விதத்தை, டிஏபி மூட்டை மேல் விரித்த பிளாஸ்டிக் பலகையில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி முன்பே படித்து வைத்திருந்தாள். அன்று எனக்குள் பொங்கிய சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். சதுரங்கத்தில் முன்னேற மேதையாகப் பிறக்க வேண்டும், சென்னையில் குடியிருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் எங்கள் ஊருக்கு வந்து பார்க்க வேண்டும். கரிசலும் சீமைக்கருவேலமும் வறண்ட கண்மாயும்தான் இங்கே கண்ணுக்குத் தெரியும். ஆனால் சரியான பயிற்சி முறை வந்துவிட்டது. அது வந்த பிறகு பிள்ளைகள் ஆடும் ஆட்டமே வேறு.

சதுரங்கக் காய்ச்சல் எங்கள் பக்கம் பரவியது 2022இல், மாமல்லபுரத்தில் 44ஆவது ஒலிம்பியாட் நடந்தபோது. அதையொட்டி அரசுப் பள்ளிகளில் போட்டிகள் வைத்தார்கள். ஒலிம்பியாட் சின்னமான, வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ சுவரெல்லாம் சிரித்தது. குகேஷ் அந்த ஒலிம்பியாடில் முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்தார். பிள்ளைகள் எல்லோரும் பலகை வாங்கித் தரச் சொல்லிக் கேட்டார்கள். பலகை வாங்குவது சுலபம். அதற்கப்புறம் என்ன செய்வது என்பதில்தான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். கைப்பேசியில் மூன்று நிமிட ஆட்டம், அடுத்தது இன்னொரு மூன்று நிமிட ஆட்டம், இப்படியே ராத்திரி பதினொரு மணி வரைக்கும். கைதான் வேகமாகும், கணக்கு வளராது.

எங்களுக்குத் திருப்புமுனை, குகேஷ் வளர்ந்த கதையைத் தெரிந்துகொண்டது. அவருடைய பயிற்சியாளர் கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, பையன் பெரிய ஆட்டக்காரனாக வளரும் வரை சதுரங்க எஞ்சின் மென்பொருளைக் கிட்டே விடவில்லை. உலகமே கம்ப்யூட்டரிடம் விடை கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பிள்ளை தன் தலையை மட்டும் நம்பிப் பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனான்! இதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எஞ்சின் இல்லாமல் இருப்பது நம்மால் முடியாத காரியமா? காரியாபட்டியில் அதற்கு ஒரு காசு செலவு உண்டா?

அன்றிலிருந்து கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. புதிரைப் பலகையில் அடுக்குவோம். கை மடியில் இருக்க வேண்டும், காயைத் தொடக்கூடாது. நான் இதை வைத்தால் அவன் என்ன வைப்பான், அதற்கு நான் என்ன வைப்பேன் என்று கடைசி வரை மனசுக்குள்ளேயே ஓட்டி, முழு வரிசையையும் நோட்டில் எழுதிய பிறகுதான் காயை நகர்த்திப் பார்க்கலாம். ‘தோணுச்சு, வச்சேன்’ என்ற பேச்சே கிடையாது. பிரக்ஞானந்தாவை உருவாக்கிய ஆர்.பி. ரமேஷ் இந்தக் கணக்கிடும் திறனுக்கென்றே ஒரு தடித்த புத்தகம் எழுதியிருக்கிறார் என்றால், இதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். ஒரே புதிரில் இருபது நிமிடம் உட்கார்ந்து, கண்ணை மூடித் திறந்து, “குதிரை இல்லப்பா, முதல்ல சிப்பாய்!” என்று அவள் சொல்லும் அந்த ஒரு கணத்துக்காக நான் எத்தனை யூரியா மூட்டை வேண்டுமானாலும் தூக்குவேன்.

ஆப்போசிஷனைச் சொல்கிறேன், வீட்டில் பலகை இருந்தால் அடுக்கிக்கொள்ளுங்கள். வெள்ளைச் சிப்பாய் ஈ-4 கட்டத்தில். அதற்கு முன்னால் வெள்ளை ராஜா ஈ-5இல். கறுப்பு ராஜா ஈ-7இல். மூன்றே காய். இப்போது யார் நகர்த்த வேண்டும்? அதுதான் எல்லாமே. கறுப்பின் முறை என்றால் கறுப்பு ராஜா வழியை விட்டு ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஒரு பக்கம் அது ஒதுங்கினால் மறுபக்கம் வெள்ளை ராஜா நுழையும், சிப்பாய் ராணியாகும். வெள்ளையின் முறை என்றால் எந்தப் பக்கம் போனாலும் கறுப்பு ராஜா நேர் எதிரே வந்து நிற்கும், ஆட்டம் டிரா. காய்கள் அதே இடத்தில்தான் இருக்கின்றன. முறை மாறினால் முடிவு மாறுகிறது. முதல் தடவை இதைப் புரிந்துகொண்டபோது நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்து வாய்விட்டுச் சிரித்தோம். அவ்வளவு அழகு! முடிவாட்டத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள் என்று முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்கா சொன்னதன் காரணம் இப்போது விளங்குகிறது. காய்கள் குறைந்திருக்கும்போதுதான் ஒவ்வொரு காயின் பலமும் நிர்வாணமாகத் தெரியும்.

இன்னொரு முறை மரங்கொத்தி முறை. ஸ்வீடன் நாட்டு ஹான்ஸ் டிக்கனன் கண்டது. ஆயிரம் புதிர் தேடி ஓடாமல், ஒரு கட்டுப் புதிரை எடுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் போடுவது, ஒவ்வொரு சுற்றிலும் நேரத்தைப் பாதியாக்கிக்கொண்டே போவது. அவர் 2010இல் இப்படிப் பயிற்சி செய்து, சில வாரங்களுக்குள் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குத் தேவையான மூன்று நார்ம்களையும் முடித்துவிட்டார். மனப்பாடம்தானே என்று முதலில் சிலர் கேட்டார்கள். அது இல்லை. 1973இல் உளவியலாளர்கள் சேஸும் சைமனும் ஒரு சோதனை நடத்தினார்கள். நிஜ ஆட்டத்தின் நிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைத் திருப்பி அடுக்கிவிடுகிறார். அதே காய்களைக் கன்னாபின்னாவென்று இறைத்துக் காட்டினால் அவரும் புதியவரும் ஒன்றுதான். தேர்ந்தவர் காய்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. கூட்டம் கூட்டமாகப் பார்க்கிறார். அந்தக் கூட்டங்களைக் கண்ணுக்குள் ஏற்றுவதுதான் மரங்கொத்தி செய்யும் வேலை. இரண்டாம் சுற்றிலேயே மகளுக்கு வித்தியாசம் தெரிந்தது. மூன்றாம் சுற்றில் நான் பலகையை அடுக்கி முடிப்பதற்குள் விடை வந்தது. லிச்செஸ் இணையதளத்தில் புதிர்கள் எல்லாம் இலவசம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதெல்லாம் மூளைக்கு. மனசுக்கு?

எங்கள் மானாவாரிக் காட்டில் கோடை உழவு என்று ஒன்று உண்டு. மழை வருமுன் நிலத்தைக் கீறிப் போட்டு வைத்தால்தான் பெய்கிற மழை உள்ளே இறங்கும். மனப் பயிற்சி அந்த உழவு. 2011இல் கிரிக்கெட் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியோடு இருந்த பேடி அப்டனைக் குகேஷ் தன் மனப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார் என்றபோது, இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு உறைத்தது. 2024 ஏப்ரலில் டொரண்டோவில், சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் தொடரின் ஏழாவது சுற்றில் அலிரேசா ஃபிரூஜாவிடம் தோற்ற பிள்ளை, உடைந்து போகாமல் அந்தத் தொடரையே ஜெயித்தது. சிங்கப்பூரிலும் முதல் ஆட்டமே தோல்வி. அன்று லிஃப்டில் விஸ்வநாதன் ஆனந்தைச் சந்தித்திருக்கிறார். 2010இல் சோபியாவில் டோபலோவிடம் ஆனந்தும் முதல் ஆட்டத்தைத் தோற்றவர்தான், அது பன்னிரண்டு ஆட்டப் போட்டி. எனக்குப் பதினொன்றுதான் மிச்சமிருந்தது, உனக்குப் பதின்மூன்று இருக்கிறதே என்று ஆனந்த் சொன்னாராம். இதைவிட நல்ல மருந்து ஒரு தோல்விக்கு உண்டா?

நாங்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டோம். போட்டிக்கு முந்தைய ராத்திரி புதிரும் இல்லை, கைப்பேசியும் இல்லை, சீக்கிரம் தூக்கம். ஒரு சுற்றில் தோற்றால் அதைப் பற்றிச் சாயங்காலம் வரை வாய் திறக்கக் கூடாது. தண்ணீர், கடலை மிட்டாய், வெளியே மரத்தடியில் ஒரு நடை, அடுத்த சுற்று. பெற்றவர்கள் இதைக் கடைப்பிடிப்பதுதான் கடினம். ஆட்டம் முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் “என்னாச்சு?” என்று பாயாமல், “சாப்பிடுறியா?” என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

சத்தத்துக்கும் பயிற்சி இருக்கிறது. சோவியத் நாட்டின் போட்வின்னிக், எதிரில் இருப்பவரைப் புகைவிடச் சொல்லி, வானொலியைச் சத்தமாக வைத்து ஆடிப் பழகியவர். எங்களுக்கு அந்த ஏற்பாடெல்லாம் தேவைப்படவில்லை. காற்றடித்தால் கரிமூட்டப் புகை கடைக்குள் வரும். மதுரை பஸ் ஹாரன், விலை கேட்கும் சம்சாரி, தராசுச் சத்தம். இதற்குள் உட்கார்ந்து ஒரு யானை முடிவாட்டத்தைக் கணக்குப் போட்டவளுக்கு, மண்டபத்துக்குள் இருக்கும் அமைதி பெரிய வரம்.

போன போட்டியில் முதல் சுற்று தோற்றுவிட்டு வெளியே வந்தவள், நான் எதுவும் கேட்பதற்கு முன்னால், “இன்னும் அஞ்சு இருக்குப்பா” என்றாள். மீதி ஐந்தில் நான்கு ஜெயித்தாள்! கோப்பை சின்னதுதான், அதை நான் கடையில் விதைப் பாக்கெட் அடுக்குக்கு மேலே வைத்திருக்கிறேன். வருகிறவர் எல்லோரும் கேட்கிறார்கள், நானும் எல்லோருக்கும் ஆப்போசிஷன் போட்டுக் காட்டுகிறேன். போன வாரம் மருந்து வாங்க வந்த ஒரு அண்ணன், பயிருக்குப் பூச்சி விழுந்ததையே மறந்து கால் மணி நேரம் நின்றுவிட்டார்.

இப்போது பலகையில்லாமல் ஆடுவதில் இறங்கியிருக்கிறோம். பஸ்ஸில் அருப்புக்கோட்டை போகும்போது, ராஜாவும் சிப்பாயும் மட்டும் வைத்து வாயாலேயே ஆட்டம். ஞாயிறு சாயங்காலம் கடை பூட்டாமல்தான் இருக்கும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஒரு நாற்பது பக்க நோட்டு மட்டும் கையோடு கொண்டுவந்தால் போதும், மிச்சம் எல்லாம் இங்கே இருக்கிறது.