நான்கு இலட்சத்தில் ஓர் அகராதி

பாடநூலில் ஒரு சொல்லுக்குப் பொருள் தெளிவாகாதபோது தமிழாசிரியரின் கை தானாகவே நாடுவது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை. லெக்சிகன் என்றே அதனைப் பலரும் வழங்குவர். ஆறு தொகுதிகளையும் பின்னிணைப்பையும் விலை கொடுத்து வாங்க இயலாதாரும், சிகாகோ பல்கலைக்கழகம் கணினியில் ஏற்றி வைத்துள்ள படியை இன்று செலவின்றிப் பார்த்துக்கொள்கின்றனர். ஆயினும் அந்நூல் எவர் பணத்தில், எத்தனை ஆண்டுகளில், எத்தகைய உழைப்பில் உருவாயிற்று என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அகராதியைத் திறனாயும் அறிஞர்களும் சொற்பிறப்பை ஆராய்வார்கள். பொருள் விளக்கத்தை எடைபோடுவார்கள். கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. லெக்சிகனின் சிறப்புக்கும் குறைக்கும் காரணம் பாதிக்குமேல் அக்கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

வின்சுலோ அகராதி 1862இல் வெளிவந்தது. அதில் ஏறத்தாழ 67,000 சொற்கள் இருந்தன. அதனை விரிவாக்கிப் புதியதோர் அகராதி காண வேண்டும் என்னும் எண்ணம் முதிர்ந்து, 1913ஆம் ஆண்டு மதுரையில் வேலை தொடங்கிற்று. அமெரிக்க மறைத்தொண்டர் சாண்ட்லர் தலைமைப் பதிப்பாசிரியராய் அமர்ந்தார். செலவு ஓர் இலட்ச ரூபாய் ஆகும் என்பது அன்றைய மதிப்பீடு. அகராதி அச்சில் வரத் தொடங்கியது 1924இல். ஆறாம் தொகுதி 1936இல் முடிந்தது; பின்னிணைப்பு 1939இல் வந்தது. ஆறு தொகுதிகளில் 104,405 சொற்கள், பின்னிணைப்பில் 13,357. முடிவில் ஆன செலவு 410,000 ரூபாய்.

சிக்கனம் பேசுவோர் இதனைக் கேட்டால் முகம் சுளிப்பர். ஒன்று என்று சொல்லித் தொடங்கி நான்கில் முடிந்ததே என்பர். பதினோர் ஆண்டு பொதுமக்கள் கைக்கு எதுவும் வரவில்லையே, அதுவரை அங்கிருந்தோர் செய்தது என்ன என்றும் கேட்பர். அப்பதினோர் ஆண்டுகளில்தான் இலக்கிய நூல்களிலிருந்தும், நிகண்டுகளிலிருந்தும், உரைகளிலிருந்தும், மக்கள் வழக்கிலிருந்தும் சொற்கள் திரட்டப்பட்டன. சிறுகச் சிறுகச் சேரும் இத்தகைய வேலைக்குக் கண்ணுக்குத் தெரியும் பயன் நடுவழியில் கிடையாது. அரசும் பல்கலைக்கழகமும் அதனைப் பொறுத்துக்கொண்டன. நூல் முடிந்தபின் கணக்கிட்டுப் பார்ப்பின், சொல்லொன்றுக்கு நான்கு ரூபாய்க்கும் குறைவாகவே விழுந்திருக்கிறது. தமிழுக்கு இதனினும் மலிவாக வேறெதுவும் வாங்கப்பட்டதாகத் தெரியவில்லை.

பணம் வாங்கித் தந்தது நூலை மாத்திரமன்று. ஆட்களையும் ஆக்கித் தந்தது. மு. இராகவையங்கார் மதுரைத் தமிழ்ச் சங்கத்துச் ‘செந்தமிழ்’ இதழை நடத்தியவர். வள்ளல்களின் ஆதரவில் தமிழ் வளர்ந்த காலத்தவர். அவர் 1913இல் அகராதி அலுவலகத்துத் தலைமைத் தமிழ்ப் பண்டிதரானார். 1939 வரை அப்பணியில் இருந்தார். புலவரொருவர் கால் நூற்றாண்டு காலம் மாதச் சம்பளத்தில், யாரையும் புகழ்ந்து பாட வேண்டாத நிலையில், ஒரே பணியில் இருக்க முடிந்தது அதற்கு முன் தமிழ்நாடு அதிகம் கண்டிராத புதுமை. 1926இல் பதிப்பாசிரியப் பொறுப்பேற்ற எஸ். வையாபுரிப் பிள்ளை தொழிலால் வழக்கறிஞர். நீதிமன்றத்தில் சான்று கேட்டுப் பழகிய அறிவு, அகராதி அலுவலகத்தில் பத்தாண்டு ஓலைச்சுவடிகளோடும் அடிக்குறிப்புகளோடும் உழன்று, தேர்ந்த பதிப்பாசிரியரின் அறிவாக மாறிற்று. பின்னர் 1940இல் அவர் பதிப்பித்த சங்க இலக்கியத் தொகுப்பிலும், அதற்கு முன் வந்த புறத்திரட்டிலும் அப்பயிற்சியின் தடம் காணலாம். அவருடைய காலக் கணிப்புகளை ஒப்பாதாரும், அவற்றை மறுத்துப் பெரு நூல்கள் எழுதியோரும், அவர் பதிப்பித்த பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் மறுத்தார்கள். இக்காலத்துப் பல்கலைக்கழகங்கள் விரிவுரையாளரின் தொழில் மேம்பாடு என்று இரண்டு நாள் பயிலரங்கு நடத்திச் சான்றிதழ் வழங்குகின்றன. அகராதி அலுவலகத்தில் சான்றிதழ் ஏதும் கொடுக்கப்படவில்லை.

இனிக் குறைகளைக் காண்போம். மறைப்பதற்கில்லை. பொருள்களை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் மேற்கோள் இடம் சுட்டிய லெக்சிகன், எப்பொருள் எக்காலத்தது என்று காட்டவில்லை. சங்க நூலும் பிற்காலத் தல புராணமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மாணவன் எது முந்தியது என்று அறிய மாட்டான். சொற்பிறப்பிலோ குறை இதனினும் பெரிது. ‘உலகம்’ என்பதற்கு ‘லோகம்’ என்னும் வடசொல்லே மூலம் என்று ஒரு குறியிட்டு அகராதி அமைந்துவிடுகிறது. வேறு கருத்துண்டு என்பதற்கு அங்கே இடமே இல்லை. சிறு கோடு ஒன்றால் வழக்கை முடித்துவிட்டதே என்று தமிழன்பர் உள்ளம் கொதித்ததில் வியப்பில்லை.

அக்கொதிப்பை ஆராய்ச்சியாக்கியவர் ஞா. தேவநேயப் பாவாணர். லெக்சிகனின் சீர்கேடுகளைத் தனி நூலாகவே எழுதினார். அவர் காட்டிய வேர்களுள் எல்லாவற்றையும் மொழியியலார் ஏற்பதில்லை. சில இடங்களில் அவரும் தாம் கண்டித்தவர்களைப் போலவே ஒரு கோட்டால் வழக்கை முடித்துவிடுகிறார். ஆயினும் அவர் எழுப்பிய வினா நேர்மையானது. அவ்வினாவுக்கு விடை காண அவருக்குக் கிடைத்த வசதி என்ன? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் 1961 வரை ஐந்தாண்டு. அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் பல்கலைக்கழகப் பதவி ஏதும் இல்லை. அன்பர்களின் துணையே துணை. 1974இல் தமிழ்நாட்டு அரசு சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் வகுத்து அவரை இயக்குநராக்கியபோது அவருக்கு வயது எழுபத்திரண்டு. 1981இல் மறைந்தார், தம் அகரமுதலியின் முதல் மடலத்தை அச்சில் காணவில்லை. எஞ்சியதைப் பிறர் முடிக்கப் பல்லாண்டுகள் ஆயின.

இவ்விருவரையும் எதிரெதிர் நிறுத்திப் பட்டிமன்றம் நடத்துவது தமிழருக்குப் பழக்கமாகிவிட்டது. வடமொழிச் சார்பு, தனித்தமிழ்ச் சார்பு என்று கட்சி பிரிந்து கைதட்டுவர். ஒருவருக்கு அலுவலகமும் உதவியாளரும் பண்டிதர் குழுவும் இருந்தன. மற்றவருக்கு ஐம்பத்தொன்பது வயது முதல் எழுபத்திரண்டு வயது வரை அவை எவையும் இல்லை. இருவர் நூல்களையும் ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறுவோர் இதனை ஒருமுறையேனும் சொல்ல வேண்டாமா? பாவாணர் லெக்சிகன் அலுவலகத்துக்குள்ளேயே இருந்து வாதிட்டிருந்தால், அகராதியும் திருந்தியிருக்கும், பாவாணரின் வேர்களும் எதிர்வாதத்தில் தேய்ந்து கூர்மை பெற்றிருக்கும்.

வெளிநாட்டார் ஒருவர் கதையும் இவ்விடத்திற்குப் பொருந்தும். அமெரிக்க அறிஞர் எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கினார். நீலகிரியில் தோதவர், கோத்தர் ஆகியோரின் மொழிகளை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதினார். கோத்தர் மொழிக் கதைகள் 1944இல் வெளிவரத் தொடங்கின. பர்ரோவுடன் சேர்ந்து ஆக்கிய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961இல் வந்தது. அதில் தமிழ்ச் சொற்களுக்குப் பேராதாரம் லெக்சிகனே. தோதவர் மொழி இலக்கணம் வந்ததோ 1984இல். மூன்றாண்டுக் களப்பணியின் கடைசி விளைச்சல் நாற்பத்தாறு ஆண்டு கழித்துக் களத்துமேட்டுக்கு வந்தது.

மலாயாவுக்கு வருவோம். யாழ்ப்பாண வழக்குக்குத் தனிக் குறி கொடுத்த லெக்சிகன், கடல் கடந்து வந்த தோட்டத் தொழிலாளர் பேசிய தமிழுக்கு அத்தகைய இடம் ஒதுக்கவில்லை. அக்குறையை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தது மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை. 1956இல் தொடங்கிய அத்துறையின் முதன்மொழி தமிழா வடமொழியா என்னும் பூசல் எழுந்ததும், தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதி திரட்டியதும் மூத்த ஆசிரியர்கள் அறிந்தவை. ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். பால்மரக் காட்டில் நாட்கூலி பெற்றோரும் கொடுத்தனர். அப்பணம் மண்டபத்துக்கோ மாலைக்கோ போகவில்லை. பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்கப் போயிற்று. கொடுத்தவருள் பலர் அந்நூல்களைப் படிக்க வாய்ப்பில்லாதவர் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்நூலகம் சும்மா இருக்கவில்லை. 1961இல் துறைத் தலைவராக வந்த தனிநாயக அடிகள், 1966இல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை முதன்முதலாகக் கோலாலம்பூரில் கூட்டினார். அதே ஆண்டு அவருடைய தமிழாய்வு நூற்றொகை மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. இராம சுப்பையா மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல்களின் பட்டியலை 1969இல் வெளியிட்டார். அவரே 1966இல் கீழ்ப் பேராக் வட்டாரத் தமிழ் வழக்குகளைச் சொல்வாரியாக ஆராய்ந்து ஒரு நூல் தந்தார். மாநாட்டைப் பற்றிப் பேசுவோர் பலர்; இந்நூலைப் பற்றிப் பேசுவோர் அரியர். மாநாட்டுச் சிறப்பில் ஒரு பங்காவது இதற்கு உரியது. தொழிலாளி கொடுத்த வெள்ளியால் வளர்ந்த துறை, தொழிலாளி நாவிலிருந்த சொல்லையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டது.

அப்பணி கீழ்ப் பேராக்கோடு நிற்கத் தக்கதன்று. பிரட்டு, நிரை, வெட்டுக்காடு, ஒட்டுப்பால், கிராணி, மங்கு: ஒவ்வொன்றும் ஓர் ஆராய்ச்சி. பாலேந்தும் மங்கு மலாய்ச் சொல்லா, அன்றித் தமிழகத்திலிருந்தே கப்பலேறி வந்ததா? கிராணி எவ்வழியாய் வந்தார்? ஜொகூரில் ஒரு வழக்கும் கெடாவில் வேறு வழக்கும் உண்டா? இவற்றை ஆராய ஒரு விரிவுரையாளர் இன்று மானியம் கேட்டால் நிலைமை யாது? மலேசியாவில் உயர்கல்வி அமைச்சின் ஆய்வு மானியங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுக் காலத்தவை. அக்காலத்துக்குள் அனைத்துலக அட்டவணையில் இடம்பெற்ற இதழ்களில் இத்தனை கட்டுரை என்று கணக்குக் காட்ட வேண்டும். இம்முறை ஆய்வுக்கூடத்துக்குப் பொருந்தலாம். சொல் திரட்டும் வேலைக்குப் பொருந்தாது. அகராதிக்கு அரைகுறைக் கட்டுரை வடிவம் கிடையாது. இதே விதியில் நடந்திருந்தால் லெக்சிகனுக்கு 1916இல் மூடுவிழா நடத்தியிருப்பார்கள். அறிக்கையில், எதிர்பார்த்த வெளியீடு இல்லை என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்கும்.

விரிவுரையாளரைக் குறை கூறிப் பயனில்லை. பதவி உயர்வு கட்டுரை எண்ணிக்கையைப் பொறுத்தது என்றால் எவரும் கட்டுரையைத்தான் எழுதுவார். மாற்ற வேண்டியது எண்ணும் முறை. பதிப்பு, அகராதி, நூற்றொகை ஆகியவற்றைக் கட்டுரைகளோடு ஒப்ப மதிக்கும் விதி வேண்டும். நீண்ட காலத் திட்டத்துக்குத் தவணை தவணையாகப் புதுப்பிக்கும் மானியம் வேண்டும். ஊருக்கு ஒரு ஆளாவது சொல் திரட்ட வேண்டுமென்றால், தோட்டப் பள்ளி ஆசிரியரை விடத் தக்கவர் இலர்; அவர் வகுப்பில் பேரப்பிள்ளைகளும் பள்ளி வாசலில் பாட்டிமாரும் அன்றாடம் வருகின்றனர். அவ்வாசிரியருக்கு ஓராண்டுப் படிப்பு விடுப்பும், பல்கலைக்கழகத்தில் ஒரு வழிகாட்டியும், ஒலிப்பதிவுக் கருவியும் கொடுத்தால் போதும். அதற்காகும் தொகை ஒரு மாநாட்டின் விருந்துச் செலவுக்குள் அடங்கும்.

தமிழ் இயக்கங்கள் நன்கொடை திரட்டும்போது இதனை நினைத்துப் பார்க்கலாம். அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருக்கை நிறுவப் பணம் அனுப்பியோர் நல்லதே செய்தனர். உள்ளூரில் செய்ய வேண்டியது வேறு, அதற்கு அவசரமும் அதிகம். இராம சுப்பையாவின் நூல் வந்த ஆண்டில் இருபது வயதில் உளி பிடித்துப் பால் வெட்டியவர்கள் இன்று எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன, லயங்கள் இடிந்துவிட்டன, மரத்துக்கு மரம் அவர்கள் வழங்கிய சொற்களைக் கேட்டு எழுத இன்னும் ஆள் போகவில்லை.