துணையும் துரத்தலும்

கினிப்பன்றிக்கு உடம்பு சரியில்லையென்றால் அதை மட்டும் மருத்துவரிடம் கொண்டுபோகாதீர்கள், கூட இருக்கும் ஜோடியையும் சேர்த்தே கொண்டுபோங்கள்: பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் இந்தப் பிராணியை வளர்ப்பவர்களுக்கு இன்று சாதாரணமாகச் சொல்லப்படும் அறிவுரை இது. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும் இரண்டையும் ஒரே கூண்டில் விட்டுவிட வேண்டும் என்பது அதன் அடுத்த பாதி. தனிமை நோயாளியைக் கொல்லும், துணை பிழைக்கவைக்கும் என்ற நம்பிக்கையில் சொல்லப்படுவது. இதற்கு நேர் எதிரான பழக்கமும் உண்டு. மற்றது நோயாளியைத் துரத்துகிறது, முதுகில் ஏறுகிறது, காய்கறியைப் பிடுங்குகிறது என்று கண்டதும் பதறிப்போய் நோயாளியை வேறு அறைக்கு மாற்றிவிடுவார்கள். நான் முதல் பழக்கத்தின் பக்கம்தான். ஆனால் அதை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணங்களில் பாதி வேறு எதற்கோ சொல்லப்பட்டவை. அதில் உள்ள பெரிய ஓட்டையைப் பற்றி அவர்கள் வாய் திறப்பதும் குறைவு.

வீட்டுக் கினிப்பன்றி, ஆண்டிஸ் மலை மக்கள் இறைச்சிக்காகப் பழக்கிய பிராணி. பெருவிலும் ஈக்வடாரிலும் ‘கூய்’ என்ற பெயரில் கிராமத்து வீடுகளில் கூட்டமாக அது இன்றும் வளர்கிறது. பதினாறாம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியது. பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிர் ஆகையால் நோவை வெளியே காட்டிக்கொள்ளாது. பயந்தால் ஓடி ஒளியும், அல்லது அசையாமல் உறைந்து நிற்கும். பக்கத்தில் இன்னொன்று நிதானமாகப் புல் மெல்லுவது தெரிந்தால், ஆபத்தில்லை என்று அதுவும் வாய் வைக்கும். நோயாளிக்குத் துணை வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய, வலுவான காரணம் தேவையில்லை. பிரியம், ஏக்கம் என்றெல்லாம் போக வேண்டியதே இல்லை. கூட ஒன்று தின்றால் இதுவும் தின்னும்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. சுவிட்சர்லாந்தில் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு ஆணைப்படி கினிப்பன்றியை ஒற்றையாக வளர்க்கக் கூடாது. ஜோடியில் ஒன்று செத்துப்போனால் மிஞ்சியதற்கு ஒரு துணையை வாடகைக்குத் தரும் ஏற்பாடுகூட அங்கே முளைத்துவிட்டது. ஆனால் அதே ஆணை, தற்காலிகமாகத் தனியே வைக்க வேண்டிய விலங்குக்கும் ஒத்துப்போகாத விலங்குக்கும் வளர்ப்பவர் தனியிடம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், பிற விலங்குகளோடு சேர்ந்திருக்கும் தேவையையும் பிரிந்திருக்கும் தேவையையும் ஒரே வரியில் வைக்கிறது. சட்டம் எழுதியவர்களிடம் இருந்த இந்த எச்சரிக்கை, ‘எந்தக் காரணத்துக்கும் பிரிக்கவே கூடாது’ என்று அடித்துச் சொல்லும் ஆர்வலர்களிடம் காணோம்.

துணையின் பலனுக்குச் சான்றாகக் காட்டத்தக்க ஆய்வுகளில் முக்கியமானது, ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்து நோர்பர்ட் சாக்ஸரும் அவர் குழுவினரும் செய்தது. பழகாத கூண்டில் தனியாக விடப்பட்ட ஆண் கினிப்பன்றியின் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் விறுவிறுவென்று ஏறியது. அதனோடு பிணைப்புக் கொண்ட பெண்ணையும் சேர்த்து விட்டபோது ஏற்றம் கணிசமாகக் குறைந்தது. கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்த செய்தி. முன்பின் தெரியாத பெண்ணைத் துணைக்கு விட்டபோது அந்தப் பலன் இல்லை. முகம் மட்டும் பழகிய, பிணைப்பு இல்லாத பெண்ணாலும் இல்லை. இன்னோர் ஆய்வு வரிசை அமெரிக்காவின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹென்னஸி நடத்தியது. தாயிடமிருந்து பிரித்துப் புது இடத்தில் வைத்த குட்டி முதலில் ஓயாமல் கத்துகிறது. நேரம் போகப் போக முதுகைக் கூனி, கண்ணை மூடி, மயிர் சிலிர்த்து உட்கார்ந்துவிடுகிறது. உடலின் அழற்சி வினைகளுக்கு இதில் பங்கு இருக்கிறது. அழற்சியைத் தணிக்கும் மருந்து கொடுத்தால் அந்தச் சோர்வு குறைகிறது.

இரண்டும் அருமையான ஆய்வுகள். நோயுற்றுத் தேறும் விலங்கைப் பற்றி இரண்டுமே நேரடியாக எதுவும் சொல்லவில்லை. ஒன்று ஆண்–பெண் இணையைப் பற்றியது, மற்றது தாய்–குட்டியைப் பற்றியது. வீட்டுக் கூண்டுகளில் இருப்பவையோ பல நேரம் இரண்டு பெண்கள் அல்லது இரண்டு ஆண்கள், கடைக்காரர் கையில் அகப்பட்டவற்றைச் சேர்த்து வாங்கிவந்தவை. அவற்றுக்குள் பிணைப்பு இருக்கிறதா, வெறும் சகிப்பு இருக்கிறதா என்பதை நோய் வரும்வரை யாரும் கேட்பதில்லை. மூன்ஸ்டர் முடிவை நேர்மையாக வாசித்தால், பொதுவாகத் துணை நல்லது என்று அதிலிருந்து பெற முடியாது. இந்தத் துணை உதவும், அந்தத் துணை உதவாது என்றுதான் பெற முடியும். நோயாளி தனியாகத் தவிக்கிறதே என்று இரக்கப்பட்டு அந்த வாரத்திலேயே புதிதாக ஒன்றை வாங்கி உள்ளே விடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. முதல்முறை சந்திக்கும் இரண்டு கினிப்பன்றிகள் யார் கை ஓங்குவது என்று தீர்த்துக்கொள்ளாமல் விடாது. தையல் போட்ட வயிற்றோடு ஒன்று அந்தப் பேரத்தில் இறங்க நேர்வது கொடுமை.

ஹென்னஸியின் ஆய்விலிருந்து எனக்குக் கிடைப்பது வேறு ஒன்று. கூனிய முதுகும் சிலிர்த்த மயிரும்தான் வலியில் இருக்கும் கினிப்பன்றியின் அடையாளமும். குட்டியிடம் கண்டதை வளர்ந்த விலங்குக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் தனியறையில் அப்படி உட்கார்ந்திருக்கும் நோயாளியைப் பார்த்து, வலி என்று மருந்தைக் கூட்டுவதா, பிரிவு என்று துணையைச் சேர்ப்பதா என்று எப்படி முடிவு செய்வது? பிரித்து வைத்தவர் தனக்குத் தானே ஒரு குழப்பத்தைக் கூட்டிக்கொள்கிறார். துணையோடு வைத்தவருக்கு இந்த ஒரு சந்தேகமாவது இல்லை.

இனி ஓட்டைக்கு வருவோம். கினிப்பன்றியின் பல் வாழ்நாள் முழுக்க வளர்வது, குடல் ஓயாமல் ஓட வேண்டியது. ஒரு நாள் பட்டினி கிடந்தால் குடல் மந்தமாகும், வாயு கட்டும். கொழுத்த உடம்பாக இருந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து நிலைமை கைமீறும். மூத்திரப்பைக் கல்லோ சினைப்பைக் கட்டியோ எடுத்தபின், தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அடுத்த சில நாளில் விலங்கு தின்னாவிட்டால் பயனில்லை. அதனால்தான் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சிரிஞ்சில் கூழ் ஊட்டுகிறார்கள். அப்போது வளர்ப்பவர் கண்ணில் வைத்திருக்க வேண்டியவை தின்ற புல், போட்ட புழுக்கை, நனைந்த விரிப்பு. இரண்டு விலங்கு ஒரே கூண்டில் இருந்தால் இந்தக் கணக்கு மூன்றும் கலந்துவிடும். காலையில் பார்த்தால் தட்டு காலி, மூலையில் புழுக்கை குவியலாகக் கிடக்கிறது, சரி, தேறிவிட்டது என்று நிம்மதியாக வேலைக்குக் கிளம்புவார்கள். தின்றதும் போட்டதும் மற்றதாக இருக்கும்.

துணையோடு வைப்பவர்கள் தங்கள் பழக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால் சமையலறைத் தராசு ஒன்று வேண்டும். வளர்ந்த கினிப்பன்றி ஏறக்குறைய 700 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். நோய்க்காலத்தில் தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்தால், யார் தின்றது என்ற கேள்விக்கு எண்ணிலேயே பதில் வந்துவிடும். ஒரு கிலோ விலங்கு 50 கிராம் இறங்கினால் ஊட்டலைக் கூட்ட வேண்டும், 100 கிராம் இறங்கினால் மருத்துவரைப் பார்க்க ஓட வேண்டும். தினமும் சில மணி நேரமாவது நோயாளியைத் தனியே விட்டுப் புழுக்கையைப் பார்க்கவும் வேண்டும். சிறுத்துக் காய்ந்து துளித்துளியாக இருந்தால் எடை இறங்குவதற்கு முன்பே சேதி தெரிந்துவிடும். மருந்தைத் தண்ணீர்க் குப்பியில் கலந்து வைக்கும் சோம்பலும் இரட்டைக் கூண்டில் செல்லாது. அது நல்லதுதான். வாயில் கொடுக்கும் அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் இதன் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து உயிரையே வாங்கிவிடும். இப்படிப்பட்ட பிராணிக்கு எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாமல் மருந்து கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருக்கலாம்.

துரத்தலைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் பாதிப் பிரிவினைகள் நடக்கின்றன. அடிவயிற்றிலிருந்து உறுமிக்கொண்டு பிட்டத்தை ஆட்டி ஆட்டிச் சுற்றிவருவது, மூக்கை உயர்த்திக் காட்டுவது, முதுகில் ஏறுவது, ஓரிரு அடி துரத்திவிட்டு நிற்பது எல்லாம் பேச்சுவார்த்தை. பெண்களுக்கு ஏறத்தாழ 16 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். அன்றைக்கு நல்ல ஆரோக்கியமான ஜோடிகூட இந்தக் கூத்தெல்லாம் ஆடும். நோயாளி மருத்துவமனை வாசனையோடு, வயிற்று மயிர் மழிக்கப்பட்டு, மயக்க மருந்தின் மிச்சத்தோடு திரும்புகிறது. வழக்கமான கேள்விக்கு வழக்கமான பதில் சொல்வதில்லை. விலகியும் போகாது, எதிர்த்தும் நிற்காது. பதில் வராததால் மற்றது திரும்பத் திரும்பக் கேட்கிறது. பலவீனத்தைக் கண்டு பழிவாங்குகிறது என்று இதைப் படிப்பவர்கள் மனிதக் குடும்பக் கதையை விலங்கின் மேல் ஏற்றுகிறார்கள். நோயாளியை அது மோந்து பார்ப்பதைப் பாசமாகவும் பரிவாகவும் படிப்பவர்களும் செய்வது அதையேதான்.

பேச்சுவார்த்தை முறிந்ததற்கு அடையாளங்கள் வேறு. இரண்டும் மயிர் சிலிர்த்துப் பல்லைக் கடகடவென்று அடித்து நேருக்கு நேர் நிற்பது, பாய்ந்து கடிப்பது, ரத்தம். இன்னொன்று சத்தமே இல்லாமல் நடப்பது: நோயாளி புல்லருகே போகும்போதெல்லாம் மற்றது வந்து நிற்கும், இது விலகி மூலைக்குப் போய்விடும். கடி இல்லை, உறுமல் இல்லை, எடை மட்டும் இறங்கும். துரத்தலுக்குப் பதறுகிறவர்கள் பலரும் இதைக் கோட்டைவிட்டுவிடுவார்கள். சாப்பாட்டு விஷயத்தில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வைட்டமின் சி நல்ல உதாரணம். நம்மைப் போலவே கினிப்பன்றியாலும் அந்தச் சத்தை உடம்பில் உண்டாக்கிக்கொள்ள முடியாது. 1907இல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்டும் தியோடர் ஃப்ரோலிக்கும் அது இல்லாமல் வரும் ஸ்கர்வி நோயை இந்த விலங்கிடம் உண்டாக்கிக் காட்ட முடிந்தது அதனால்தான். அந்தச் சத்து குறைந்தால் புண் ஆறத் தாமதமாகும். மற்றது பிடுங்கிய குடமிளகாய்த் துண்டு நோயாளியின் தையல் ஆறுவதற்கான சரக்கு. இதற்கு ஆதிக்கத்தை அடக்க முயல்வது வீண்வேலை. குடமிளகாயைக் கையாலேயே நோயாளிக்கு ஊட்டிவிடலாம். புல்லை மூன்று இடத்தில் பரப்பலாம், தண்ணீர்க் குப்பி இரண்டு மாட்டலாம், ஒளியும் பெட்டிக்கு இரண்டு வாசல் வைக்கலாம். ஒரே வாசல் உள்ள பெட்டி, உள்ளே இருப்பதற்குச் சிறை.

இரண்டு தரப்புக்கும் நடுவே சமரசமாக வந்தது கம்பிவலைத் தடுப்பு. ஒரே கூண்டைக் குறுக்கே பிரித்து, இந்தப் பக்கம் நோயாளி, அந்தப் பக்கம் ஜோடி. பார்க்கலாம், மோந்துகொள்ளலாம், வலையை ஒட்டிப் படுத்துக்கொள்ளலாம். புல்லும் புழுக்கையும் கலக்காது. காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லாத ஏற்பாடு. நடைமுறையில் அதன் குறை வளர்ப்பவரிடம் இருக்கிறது: வைத்ததை எடுக்க மனம் வராது. இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்று வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள். வலைக்கு இரண்டு பக்கமும் தனித்தனி எல்லை உருவாகிவிடும். உரசிப் படுக்கும் வழக்கம் அறுந்துபோகும். தீர்த்துக்கொள்ள முடியாத வழக்கை வலை வழியாகப் பல்லடித்தே நடத்தும், மூக்கை நீட்டியது கடிபடும். கடைசியில் வலையை எடுக்கும் நாள் முதல் சந்திப்பு போல ஆகிவிடும். முழுப் பிரிவினையின் கெடுதல்களில் பாதி இதிலும் உண்டு. அறுவை முடிந்த முதல் இரண்டு மூன்று நாளுக்கு, அதுவும் தீனி நேரத்திலும் ராத்திரியிலும் மட்டும் வலையைப் போட்டு, நாம் பக்கத்தில் இருக்கும் பகல் நேரத்தில் எடுத்துவிடுவதே சரி என்பது என் கணிப்பு. மயக்கம் முழுக்கத் தெளியாத முதல் சில மணி நேரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அப்போது நோயாளி தனியாக, கதகதப்பாக இருக்கட்டும்.

தொற்று நோயைப் பிரிவினைக்கு மறுக்க முடியாத காரணமாகக் காட்டுவார்கள். பாதிதான் உண்மை. இருமலோ சொறியோ கண்ணில் படும்போது ஜோடிக்கு அது ஏற்கெனவே ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். சொறிப் பூச்சிக்கு இரண்டுக்கும் சேர்த்தேதான் மருந்து போட வேண்டும். வேறு ஜோடிகளிடமிருந்து இந்த ஜோடியைப் பிரிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

ஆண்களின் கதை கடினமானது. ரத்தம் பார்த்த இரண்டு ஆண்கள் மறுபடி சேர்ந்து வாழ்வது அரிது. அங்கே பிரித்தே ஆக வேண்டும். விதைநீக்கம் செய்த ஆணுக்கோ, காத்திருக்கும் பெண் துணையை உடனே சேர்த்து வைக்க முடியாது. அறுவைக்குப் பிறகும் சில வாரம் கருத்தரிக்கவைக்கும் சக்தி மிச்சமிருக்கும் என்பதால் ஆறு வாரம் போகட்டும் என்பார்கள். துணையோடு வாழவைக்கச் செய்யும் அறுவையே தனிமையில் தள்ளுகிற விநோதம் இது. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பருவம் வருமுன்னே, குட்டி 250 கிராம் அளவில் இருக்கும்போதே அறுத்துவிடுவது வழக்கத்துக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, வலையை எடுத்தபிறகு வரும் ஒரு சிக்கல். நோய்ப்பட்டது கூண்டின் தலைவியாக இருந்த பெண் என்றால், அது படுத்திருந்த நாட்களில் மற்றதன் கை ஓங்கியிருக்கும். தேறியபின் பழைய தலைவி தன் இடத்தைத் திரும்பக் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். வளர்ப்பவர்களில் சிலருக்கு இது பொறுப்பதில்லை. பழையதற்கே முதல் தீனி கொடுத்து, புதியதைக் கையால் தள்ளி, நீதி வழங்கப் பார்ப்பார்கள். அதனால் சச்சரவுதான் நீளும். முன்பு முதலில் தின்ற விலங்கு இனி இரண்டாவதாகத் தின்னும். தராசு முள் இறங்காத வரை அதில் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.